உறுப்பு நல்கிய வணிகர்

வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர், புலவர், அருளாளர் என்னும் முத்திறத்தாருள் ஒருவரையே தேர்ந்துகொள்வர். வணிகர் ஒருவரின் வரலாற்றை எழுதுவார் அரியர். அதிலும், சிறுவர் விளையாட்டுக்கு உரியதென்று உலகோர் எளிதாக எண்ணிவிடும் பொருளை விற்று வாழ்ந்த ஒருவரைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் எழுத முற்படுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தலுங் கூடும். எனினும் பாசெற்-லோக் என்னும் அவ்வணிகரின் வாழ்வை அறியுந்தோறும் அது தள்ளத்தக்கதன்று என்றே எனக்குத் தோன்றியது. ஒன்றைப் படைப்போரின் பெயர் நிலைத்துவிடுகின்றது. படைப்போர்க்கு வேண்டும் உறுப்புகளைத் தேடிக் கொணர்ந்து கொடுத்தோரின் பெயர் மறைந்துவிடுகின்றது. இவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். ஆயினும் பெயர் மறையாது நின்றவர்.

இவரைப் பற்றி யான் தேடிப் படிக்க நேர்ந்தமைக்குக் காரணர் பிறநாட்டில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர். அவர் ஓய்வு நேரங்களிற் புகையிரதங்களின் சிற்றுருவங்களை அளவு பிழையாது சமைப்பவர். அமெரிக்காவிலே பேர்லிங்ரன் புகையிரதக் கம்பனியார் 1945இல் ஒறோறா நகரத்துத் தம் வேலைத்தலத்திற் பயணிகள் பெட்டி ஒன்றன் கூரையைத் திறந்து, அதன்மேற் கண்ணாடியாலான குவிமாடம் ஒன்றை அமைத்தனர். அம்மாடத்தின்கீழ் அமர்ந்தோர் மலையையும் வானையும் நாற்புறமும் நோக்கியவாறு செல்லலாம். வெள்ளிக் குவிமாடம் என்னும் பொருள்படப் பெயர்பெற்ற அப்பெட்டியைப் பின்பற்றிப் பல எழுந்தன. 1949இல் சிக்காக்கோவிலிருந்து மேற்குக் கரை நோக்கி ஓடத் தொடங்கிய கலிபோர்ணியா செபிர் என்னும் வண்டித்தொடர் ஒவ்வொன்றிலும் இத்தகைய பெட்டிகள் ஐந்து இருந்தன. 85 அடி நீளமுள்ள அப்பெட்டியை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஓரடிக்குச் சற்றே குறைந்த நீளம் வரும். அந்த ஓரடிக்குள் அடங்க வேண்டியவை எத்தனை! சில்லுகள், அவற்றைத் தாங்குஞ் சட்டங்கள், பெட்டியோடு பெட்டியைப் பிணிக்குங் கொளுக்கிகள், இரு பெட்டிகளுக்கும் இடையே தொங்கும் மடிப்புத் திரை, நெளிவரி கொண்ட பக்கத் தகடு, இருக்கைகள், யாவற்றினும் மேலாக வளைந்த கண்ணாடி மாடம். இவையனைத்தும் ஒரே கடையிற் கிடைப்பதில்லையென்றும், பெட்டியைச் சமைக்குங் காலத்தினும் உறுப்புத் தேடுங் காலமே மிகுதியென்றும் அம்மாணவர் எழுதியிருந்தார். இத்தொல்லை அவருக்குப் புதிது; உலகுக்குப் புதிதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே தொல்லையைக் கண்டு, அதனையே தம் வாழ்க்கைத் தொழிலாக ஆக்கிக்கொண்டவர் பாசெற்-லோக்.

வென்மன் யோசப்பு பாசெற்-லோக் 1877ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள நோர்தாம்ரன் நகரிற் பிறந்தார். அந்நகர் சப்பாத்துத் தொழிலுக்குப் பேர்போனது. ஆனால் அவருடைய குடும்பத் தொழில் நீராவிக் கொதிகலன் அமைத்தல். இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்கிய அவர், கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்திற் சிறிது காலம் இருந்துவிட்டுத் தந்தையாரின் வேலைத்தலத்தை அடைந்தார். கட்டடக் கலைஞரிடம் இருந்த அச்சிறு காலம் வீணாயிற்றென்று அன்று பலரும் எண்ணியிருத்தல் கூடும். அது வீணாகாமையைப் பின்னர்க் காண்போம்.

அக்காலத்தில் நீராவி எந்திரங்களைச் சிறிதாக்கித் தம் கையாற் செய்து பார்க்கும் ஆர்வம் இங்கிலாந்திற் பரவியிருந்தது. ஆசிரியர், எழுதுவினைஞர், மருத்துவர் முதலாய பலரும் வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு கடைசற் பொறியை வைத்துக்கொண்டு மாலைதோறும் உழைத்தனர். 1898இல் பேர்சிவல் மார்சல் என்பார் இத்தகையோர்க்கெனத் தனி இதழ் ஒன்றையே தொடங்கினார். ஆர்வம் இருந்தது, நேரமும் இருந்தது, கருவி ஓரளவு இருந்தது. உறுப்புத்தான் கிடைக்கவில்லை. எந்திரத்தின் உருளையை வார்க்க வேண்டுமாயின் வார்ப்புச்சாலை வேண்டும். வீட்டிலே வார்ப்புச்சாலை வைத்திருப்பார் யாவர்? பெரிய தொழிற்சாலையார் கைப்பிடியளவு பொருளொன்றை வார்த்துக் கொடுக்க இசையார். இசையினும் அதன் விலை ஓர் எழுதுவினைஞரின் வருவாய்க்குள் அடங்காது. கொதிகலன் தொழிலாளரின் மகனாகிய இளைஞருக்கோ உலையும் கருவிகளும் வீட்டுப் பொருள்கள். தமக்கு எளிதாக இருப்பது பிறர்க்கு அரிதாக இருப்பதைக் கண்டமையே அவருடைய வணிகத்தின் வித்து.

தந்தையாரின் வேலைத்தலத்திற் கணக்கராயிருந்த ஹரி பிராங்கிளின் என்பாரைத் துணையாகச் சேர்த்துக்கொண்டு, 1899இல், தமது இருபத்திரண்டாம் ஆண்டு நிரம்பு முன்னரே, தபால்மூலம் பொருள் விற்கும் வணிகத்தை அவர் தொடங்கினார். கடைத்தெருவில் மாளிகை எடுத்துத் தொடங்கவில்லை. ஒரு விலைப்பட்டியலை அச்சிட்டுத் தொடங்கினார். அப்பட்டியலிற் பொருள்களின் நிழற்படங்களைக் கையால் ஒட்டியே அனுப்பினர். வாங்குவோன் பொருளைக் கண்ணாற் காணாமற் பணம் அனுப்ப வேண்டியவன். அவனுக்கு ஐயம் எழாதிருக்க வேண்டுமாயின் உள்ளதை உள்ளவாறு காட்டுதல் வேண்டும் என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர். கடையாத வார்ப்புத் தொகுதிகள், கொதிகலத்துக்கான அமுக்கமானி, காப்பு வால்வு, நீர்மட்டங் காட்டுங் கண்ணாடிக் குழாய், சில்லு, திருகாணி, தறையாணி, செப்புக் குழாய் என வேண்டுவோர்க்கு வேண்டுவன யாவும் அவர்களுடைய பட்டியல்களில் இடம்பெற்றன. முழு எந்திரத்தை வாங்க இயலாதவன் இம்மாதம் உருளையையும் அடுத்த மாதம் சில்லையும் வாங்கலாம். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சமைப்பதில் ஓர் இன்பமும் உண்டு.

1900இல் பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கு பாசெற்-லோக் சென்றார். அப்பயணமே அவர் வாழ்விற் பெருந்திருப்பமாயிற்று. யேர்மனியிலே நூரன்பேர்க் நகரம் பல தலைமுறையாக விளையாட்டுப் பொருள் செய்யும் நகரம். அந்நகரத்து பிங் குடும்பத்தாரும், அங்கேயே குடியேறித் தொழில் நடத்திய யோர்ச் கறெற் என்னும் பிரெஞ்சுக்காரரும் காட்சிக்கு வைத்திருந்த தகரப் புகையிரதங்களை அவர் நுணுகி நோக்கினார். வேலைப்பாடு சிறந்தது, விலை குறைந்தது, ஆனால் உருவம் பொருந்தாதது. ஆங்கிலச் சிறுவன் தன் ஊர் நிலையத்திற் காணும் வண்டி அதுவன்று. எந்நாட்டிலும் ஓடாத, கைவினைஞன் தன் மனத்திற் கண்ட வண்டி. இங்கிலாந்திலே உண்மையில் ஓடும் வண்டியைப் பார்த்து, அதன் வரைபடத்தை யாம் தருவோம், அவ்வாறே நீவிர் செய்து தருதல் இயலுமோ என்பதே அவர் அவர்களிடம் வைத்த வினா. அவர்கள் இசைந்தனர். இலண்டன் வடமேற்குப் புகையிரதக் கம்பனியின் பிளாக் பிரின்ஸ் என்னும் எந்திரத்தின் சிற்றுரு சில காலத்துள் பிங் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்தது. கறெற் தொழிற்சாலையிலிருந்து பயணிகள் பெட்டிகள் வந்தன. சன்னற் சட்டம், கதவின் கைப்பிடி, கம்பனியின் முத்திரை ஆகிய எல்லாவற்றையும் தகரத்தின்மீது வண்ணத்தில் அச்சிட்டுச் செய்த அப்பெட்டிகளின் அழகை இன்றுஞ் சேகரிப்போர் வியந்து போற்றுகின்றனர்.

வரைபடம் தருவோம் என்று சொல்லிவிட்டால் வரைவதற்கு ஆள் வேண்டுமன்றோ? அதற்கு வாய்த்தவர் ஹென்றி கிறீன்லி. புகையிரதக் கம்பனியின் வரைபடக் கூடத்திற் பயின்றவர், அளவிற் கடுமையானவர். தொல்காப்பியர் செய்யுட்கு உறுப்பு 34 என வகுத்து, அவற்றுள் மாத்திரையை முதற்கண் வைத்தார். அளவு பிழைத்தால் ஏனைய உறுப்புகள் எத்துணைச் சிறந்தனவாயினும் பயனில்லை என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். கிறீன்லியும் அங்ஙனமே அளவை முன்வைத்தார். தண்டவாளத்தின் இடைவெளி இவ்வளவு, உண்மை வண்டியின் ஓர் அடிக்குச் சிற்றுருவில் இத்தனை மில்லிமீற்றர் என வரையறுத்தார். ஓரிடத்திற் செய்த சில்லு மற்றோரிடத்திற் செய்த பெட்டிக்குப் பொருந்துவதும், நோர்தாம்ரன் தண்டவாளத்தில் நூரன்பேர்க் வண்டி ஓடுவதும் இவ்வரையறையால் இயன்றன. வரையறை இல்லாத இடத்தில் உறுப்பு வணிகமே இல்லை.

இதற்குள் பாசெற்-லோக்கின் நோக்கம் மேசையளவைக் கடந்துவிட்டது. 15 அங்குல இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஆட்களை ஏற்றிச் செல்லவல்ல சிறு எந்திரம் ஒன்றைக் கிறீன்லி வரைய, அது 1905இல் லிற்றில் ஜயன்ற் என்னும் பெயரோடு வெளிவந்து பிளாக்பூல் கடற்கரையில் ஓடியது. 1908இல் இலண்டன் ஹை ஹோபோண் வீதியிற் கடை திறக்கப்பட்டது. நோர்தாம்ரனிலே ஜோர்ச் வின்ரறிங்காம் என்பார் தண்டவாளம் செய்து உதவினார். மலைநாட்டில் மூடப்பட்டுக் கிடந்த ரேவன்கிளாஸ் புகையிரதப் பாதையை 1915 முதல் 15 அங்குலப் பாதையாக மாற்றியமைத்தவர்களுள்ளும் பாசெற்-லோக் ஒருவர். அப்பாதையில் இன்றும் வண்டி ஓடுகின்றது.

அப்பாதையை மாற்றியமைத்த காலமோ போர்க் காலம். 1914 ஆகத்து மாதத்தில் இங்கிலாந்தும் யேர்மனியும் பகை நாடுகளாயின. ஒரே நாளில் பாசெற்-லோக்கின் கைகளுள் ஒன்று அறுபட்டது எனலாம். பதினான்கு ஆண்டுகளாக வரைபடம் இங்கிருந்து செல்லும், பெட்டியும் எந்திரமும் அங்கிருந்து வரும். அவ்வழி அடைபட்டது. பிரெஞ்சுக் குடிமகனாகிய கறெற் யேர்மனியில் இருக்கவியலாது நீங்கினார். அவருடைய தொழிற்சாலை 1917இல் மூடப்பட்டது. அழகிய பயணிகள் பெட்டிகளைச் செய்த அச்சுகளும் கைகளும் சிதறின. நோர்தாம்ரன் வேலைத்தலமோ சிற்றுருவங்களை விட்டுப் படைக்கலத் தொழிலுக்கு வேண்டிய நுண்ணளவு கருவிகளைச் செய்யத் தொடங்கியது. நூறு அடிக்கு ஓர் அங்குலமாகச் சுருக்கிய போர்க்கப்பற் சிற்றுருவங்களும், கடலிற் காணுங் கப்பல் யாருடையது என மாலுமிகளுக்குப் பயிற்றுதற் பொருட்டு, அங்குச் செய்யப்பட்டன.

இப்போரின் நடுவிலேதான் அவர் வாழ்வின் மிக வியப்பான பகுதி நிகழ்ந்தது. 1917இல் புளோரன்ஸ் ஜோன்ஸ் என்னும் மங்கையை அவர் மணந்தார். மணவாழ்வுக்கென டேர்ண்கேற் தெருவில் 78ஆம் இலக்கமுடைய ஒடுங்கிய பழைய வீட்டைப் பெற்று, அதனை மாற்றியமைக்கும் பணியைச் சாள்ஸ் ரெனி மக்கின்ரொஷ் என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார். மக்கின்ரொஷ் அக்காலத்திற் புகழ் மங்கி, பணி இன்றி இருந்தவர். கரிய சுவரும் அதன்மேல் வண்ண முக்கோணங்களுமாக அவர் அமைத்த முன்கூடத்தைக் கண்டு நோர்தாம்ரன் மக்கள் திகைத்திருப்பர். அவ்வீட்டுக்கு வேண்டிய மரத்தளபாடங்களிற் சிலவற்றைச் செய்தவர் யார்? மான் தீவிலே நொக்கலோ என்னுமிடத்தில் முள்வேலிக்குள் அடைத்துவைக்கப்பட்டிருந்த யேர்மன் கைவினைஞர். போர் மூண்டமையால், இங்கிலாந்தில் வாழ்ந்த யேர்மன் குடிமக்களை அரசினர் அங்குக் காவலில் வைத்தனர். அத்தொகை ஒருகால் 20,000ஐயுங் கடந்திருந்தது. அவர்கள் சோம்பி நலிந்துபோகாதிருக்க வேண்டுமென்று குவேக்கர் சமயத்தார் மரவேலைக்கு ஏற்பாடு செய்தனர். யேர்மன் பொருள் என்று சொன்னாலே கடைக் கண்ணாடியை உடைத்த காலம் அது. நூரன்பேர்க் வழி அடைபட்டபோதும், தம் நாட்டுக்கு அணித்தாகவே யேர்மன் கையொன்று வேலையின்றி இருப்பதை இவ்வணிகர் அறிந்து பயன்படுத்தினார். இதனை அருள் என்பதா, வணிக நுட்பம் என்பதா? இரண்டும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் இயலாததன்று என்றே யான் கருதுகின்றேன்.

போர் முடிந்தபின் பிங் தொடர்பு மீண்டும் தழைத்தது. 1922இல் வெளிவந்த சிறு மேசைப் புகையிரதம் அதன் பயன். 16.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில், உண்மை வண்டியின் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீற்றராகப் பெட்டியை அமைத்தல் முறை. ஆங்கில வண்டிகளோ பிறநாட்டு வண்டிகளிலும் ஒடுங்கியவை. அவ்வளவிற் செய்தால் உள்ளே பொறியை வைக்க இடம் போதாது. ஆகவே தண்டவாளத்தை அவ்வாறே விட்டு, பெட்டியை மட்டும் அடிக்கு 4 மில்லிமீற்றராகப் பெருக்கினார் கிறீன்லி. அக்கணக்கின்படி தண்டவாளம் 4 அடி 8½ அங்குலத்துக்குப் பதிலாக 4 அடி 1½ அங்குலத்தையே காட்டும். அளவிற் கடுமையான ஒருவரே செய்த இந்த அளவுப் பிழை நூறாண்டு கடந்தும் இங்கிலாந்தில் நிலைத்து நிற்கின்றது. அமெரிக்கர் 3.5 மில்லிமீற்றரையே கொண்டனர். முன்னர்க் கூறிய 87இல் ஒரு பங்கு அதுவே. இக்காரணத்தால் ஆங்கிலச் சிற்றுருவின் உறுப்பை அமெரிக்கப் பெட்டிக்குப் பூட்டப் புகுவோர் தண்டவாளம் ஒன்றாயிருப்பக் கண்டு மகிழ்ந்து, பெட்டி பொருந்தாமை கண்டு வருந்துகின்றனர்.

1926இல் பாசெற்-லோக் தமக்கென மற்றுமொரு வீட்டை யேர்மன் கட்டடக் கலைஞர் பீற்றர் பேரென்ஸ் என்பாரைக்கொண்டு அமைத்தார். இங்கிலாந்தின் முதல் நவீன இல்லம் என அதனைக் கூறுவர். இளமையிற் கட்டடக் கலைஞரிடம் கழித்த காலம் இவ்வாறு பயன் தந்தது. வீட்டுக்கு வேண்டியதையும் அவர் எந்திரத்துக்கு உறுப்புத் தேடுவதுபோலவே, எங்குச் சிறந்தது கிடைக்குமோ அங்கிருந்தே கொணர்ந்தார்.

நூரன்பேர்க் நண்பர்கள் கதை துயரில் முடிந்தது. 1930களின் தொடக்கத்தில், உலகெங்கும் வணிகம் வீழ்ந்த காலத்தில், பிங் கம்பனி முறிந்தது. அதற்கு முன்னரே விலகிய ஸ்ரெபான் பிங், ற்றிக்ஸ் என்னும் புதிய கம்பனியிற் சேர்ந்து, ஒரே தண்டவாளத்தில் இரு வண்டிகளைத் தனித்தனியே மின்சாரத்தால் ஓட்டும் முறையை 1935இல் லைப்சிக் சந்தையிற் காட்டினார். பாசெற்-லோக் அதனை இங்கிலாந்துக்குக் கொணர்ந்து, ஆங்கில வடிவ வண்டிகளை நோர்தாம்ரனிலேயே செய்விக்க வழிகண்டார். பிங் குடும்பத்தார் யூதர். இற்லரின் ஆட்சியில் அவர்கள் தம் தொழிலைப் பிறர்க்குக் கைவிட்டு, 1930களின் பிற்பகுதியில் நாட்டைவிட்டு நீங்க வேண்டியவராயினர். அவர்கள் வந்தடைந்த நாடு இங்கிலாந்து. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் பாரிசுப் பொருட்காட்சியில் ஓர் இளைஞர் வைத்த வினாவால் விளைந்த நட்பு, ஈற்றில் அவர்களுக்கு அறிமுகமுள்ள ஒரு கரையாயிற்று.

இரண்டாம் உலகப்போரில் நோர்தாம்ரன் கைவினைஞர் மீண்டும் அரசுக்கு உழைத்தனர். உறுப்புகளைப் பூட்டி விரைந்து அமைக்கும் பெய்லி பாலத்தைப் படைவீரர்க்குப் பயிற்ற அதன் சிற்றுருவங்களைச் செய்தனர். 1944இல் நோமண்டிக் கரையில் இறக்கப்பட்ட மல்பெரி என்னும் மிதக்குந் துறைமுகத்தின் சிற்றுருவும் அவர்கள் செய்ததே. இங்கிலாந்திலே பகுதி பகுதியாகச் செய்து, கடல்வழி இழுத்துச் சென்று, அக்கரையிற் பொருத்திய துறைமுகம் அது. உறுப்புகளாகப் பொருள் விற்றுப் பழகியவர்க்கு அவ்வேலை அயலாகத் தோன்றியிராது.

இவரிடத்து யான் காணுங் குறை ஒன்றுண்டு. அதனையுஞ் சொல்லுதல் முறை. இவர் பேபியன் சங்கத்தைச் சேர்ந்தவர். பேர்ணாட் ஷாவின் நண்பர். 1930 முதல் நகரசபை உறுப்பினராக இருந்து, பொதுமக்களுக்கான நீச்சற் குளம் அமையப் பாடுபட்டவர். எல்லார்க்கும் எல்லாமும் கிடைத்தல் வேண்டும் என்னும் கொள்கையர். ஆயினும் இவர் கடையில் முழுமையாகச் செய்து விற்ற எந்திரமும் பெட்டியும் தொழிலாளியின் மகனுக்கு எட்டாதவை. அச்சிறுவனுக்கு எட்டியது லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹோர்ன்பி 1920 முதல் விற்ற வில்முறுக்கு வண்டியே. ஹோர்ன்பியின் வண்டி அளவிற் குறைபட்டது, இல்லத்தில் நிறைந்தது. இருவருள் யார் பெரியர் என்று என் மாணவர் வினவின், உறுப்புப் பட்டியலை நோக்கி பாசெற்-லோக் என்பேன். முழுவண்டியின் விலையை நோக்கி விடையை மாற்றிக்கொள்வேன்.

1953 ஒக்ரோபர் 21ஆம் நாள் பாசெற்-லோக் நோர்தாம்ரனிற் காலமானார். பிள்ளைப்பேறு இல்லை. பிளாஸ்ரிக்கில் வார்த்த மலிவான வண்டிகள் பெருகியபோது அவர் தொடங்கிய சில்லறை வணிகம் தாங்கமாட்டாது தளர்ந்து, 1960களின் நடுவில் நின்றது. இலண்டன் கடை பிறர் கைக்கு மாறியது. டேர்ண்கேற் இல்லம் பழுதுபார்க்கப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது. வணிகப் பெயரை 1996இல் கோர்கி கம்பனி வாங்கியது. கோர்கியை 2008இல் வாங்கியது ஹோர்ன்பியின் பெயர் தாங்கிய கம்பனியே. பழைய விலைப்பட்டியல்களோ சேகரிப்போர் கையில் உள்ளன. கறெற் பெட்டி ஒன்றன் உடைந்த சில்லை மாற்ற முனைவோர், எச்சில்லு எப்பெட்டிக்கு உரியது என்று காண்பதற்கு அவற்றையே புரட்டுகின்றனர்.